நூற்று நாலு ரூபாய்

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. இது இன்று வந்த வியாதி இல்லை. பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவே பதினோரு எட்டு. அதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் நடப்பேன் என்று எனக்கே தெரியாது. "இவளைக் காலைக் கட்டிப்போட்டுத்தான் கட்டிக் கொடுக்கணும்" என்பாள் அம்மா. அதற்கும் பதில் வைத்திருப்பேன். வாய் அப்படி. அந்த வாயால் என் பதினாலாவது வயதில் சொன்ன ஒரு சொல்லைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இதற்குள் மூன்று தடவை எழுந்தாகிவிட்டது.

அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, பீடி சுற்றுகிற வேலை. பீடிக் கடை என்று நாங்கள் சொன்னது விற்கிற கடையை அல்ல. நாற்பது பேர் தரையில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி நூல் கட்டுகிற நீளமான கொட்டகை அது. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அத்தா கடையில் ஆயிரத்துக்கு மேல் சுற்றுவார். மிச்சத்தை அம்மா வீட்டில், சமையலுக்கு முன்னும் பின்னும் சுற்றுவாள். இரண்டும் சேர்ந்து நாளைக்கு இரண்டாயிரம். எல்லாம் அத்தா பேரில் இருந்த ஒரே கூலிக் கார்டில் ஏறும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். பொம்பளை பேர் கடைக்காரன் நோட்டில் ஏறுவதா என்று ஆண்களும் கேட்பார்கள், பெண்களும் கேட்பார்கள்.

நான் இலை வெட்டுவேன், நூல் கட்டுவேன். சுற்ற மட்டும் என்னை விடமாட்டார்கள். நான் சுற்றினால் பீடி வயிற்றில் புடைத்துக்கொண்டு தலையில் வாயைப் பிளக்கும். "இதைக் குடிக்கிறவன் இருமியே மௌத்தாயிடுவான்" என்று அத்தா சிரித்துக்கொண்டே முறத்தை வாங்கிக்கொள்வார். எனக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. தொலைந்தது சனியன் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு. அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் கூலி. அந்தக் கடையில் கூலி கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. கணக்குப்பிள்ளை வாசலில் மேஜையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கார்டாகக் கூப்பிடுவார். அந்த வாரம் ஒரு பீடிகூடச் சரியில்லை என்று கழிக்கப்படாத ஆளை முதலில் கூப்பிட்டு, "சுத்தம்!" என்று உரக்கச் சொல்வார். கழிவு உள்ளவனைப் பின்னால் கூப்பிட்டு, "கழிவு இருநூறு!" என்று அதைவிட உரக்கச் சொல்வார். கழிவு கார்டில் சிவப்பு மையில் ஏறும், கூலியில் கழியும். தெருவே காது கொடுத்துக் கேட்கும். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட, மாப்பிள்ளையின் கார்டில் சிவப்பு உண்டா என்று விசாரிப்பார்கள்.

அத்தாவின் கார்டில் பதினாறு வருஷமாகச் சிவப்பு மை பட்டதில்லை. எப்போதும் முதல் பேர் அவருடையதுதான். ஜன்னலோரத்து இடமும், வருகிற இலையிலேயே நல்லதும் அவருக்கு. இத்தனைக்கும் கழிவே விழாமல் இல்லை. பீடியைச் சோதிக்கிற செக்கர் கழித்துப் போட்டால், மறுநாள் அதே எண்ணிக்கைக்கு வேறு பீடியை வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்து ஈடு கட்டிவிடுவார். மிச்சம் பிடித்த இலையில் அம்மா சுற்றிய பீடி அது. கூலி கிடையாது. கழித்த பீடியையும் கடைக்காரர் திருப்பித் தரமாட்டார், அதையும் சில்லறைக்கு விற்றுவிடுவார். எனக்கு அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும். அத்தாவுக்கு வராது. கார்டு சுத்தமாக இருந்தால் அவருக்குப் போதும்.

இப்படிப்பட்ட வீட்டுப் பெண் எப்படி நாலாவது ஃபாரம் வரைக்கும் படித்தேன் என்றால், ஸ்ரீரங்கத்தில் ஒரு தர்மம் இருந்தது. யாரோ ஒரு வியாபாரி செத்துப்போகும்போது எழுதிவைத்துவிட்டுப் போனது. எந்தச் சாதி, எந்த மதமானாலும் ஏழை வீட்டுப் பெண் படித்தால் ஃபீஸ், புத்தகம், மாதம் இரண்டு மரக்கால் அரிசி. ஒரு நிபந்தனை. குடும்பத் தலைவனின் மாத வருமானம் நூறு ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. வருஷா வருஷம் ஜூன் மாதத்தில், பள்ளிக்கூடம் திறக்குமுன், மே மாதத்துக் கூலிக் கார்டை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அத்தாவின் கார்டு தொண்ணூற்றொரு ரூபாயில் நிற்கும். மூன்று வருஷமாகக் காட்டினேன், மூன்று வருஷமும் கையெழுத்து ஆனது.

அந்த வருஷம் பங்குனியில் சர்க்கார் கூலியை உயர்த்தியது. பீடித் தொழிலுக்கு இதற்குக் குறைந்து கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. ஆயிரத்துக்கு ஒன்றே முக்கால் ரூபாயாக இருந்தது இரண்டு ரூபாய் ஆயிற்று. நயா பைசா வராத காலம், நாலணா என்றால் நாலணா. தெருவில் கொடி கட்டினார்கள். சர்க்கரை வழங்கினார்கள். அத்தா பூந்திப் பொட்டலத்தோடு வந்து, என் வாயில் ஒரு பிடி, அம்மா வாயில் ஒரு பிடி திணித்தார். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "என்னா இது, புள்ள முன்னாடி" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவர்களை நான் பார்த்ததே இல்லை. நானும் குதித்தேன். கணக்குப் போட்டுப் பார்க்க அன்றைக்கு யாருக்குத் தோன்றும்?

ஏப்ரல் மாதக் கார்டு முடிந்து வந்தபோதுதான் பார்த்தேன். நூற்று நாலு ரூபாய். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி அசையாமல் நின்றது அபூர்வம்.

"அம்மா, மே மாசமும் இப்படி வந்தா எனக்குப் பள்ளிக்கூடம் கெடையாது" என்றேன்.

அம்மா முதலில் நம்பவில்லை. விரல் விட்டு எண்ணினாள். எழுதப் படிக்கத் தெரியாதே தவிர, கணக்கில் அவளை ஏய்க்க முடியாது. "பதிமூணு ரூவா கூட வருது. அரிசி போவுது, பள்ளிக்கூடச் சம்பளம் நம்ம தலையில, புத்தகம் நம்ம தலையில. ஏ புள்ள, பதிமூணு வந்து பதினாறுல்ல போவுது!" என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "லால்குடிக்காரங்க வேற கேட்டுட்டு இருக்காங்க."

லால்குடியில் ஒரு நெல் மண்டிக்காரர் வீட்டிலிருந்து என்னைக் கேட்டிருந்தார்கள். படிக்கிறாள் என்று சொல்லித்தான் அத்தா தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். படிப்பு நின்றால் தள்ளிப்போட ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் நிற்பதும் அந்த வீட்டு வாசல்படிக்குள் நான் போய்ச் சேர்வதும் ஒன்றுதான். எனக்கு அது அப்போதே நன்றாகத் தெரியும்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குறைத்துச் சுற்றலாம் என்றேன். அத்தா முடியாது என்று தலையாட்டினார். கூலி ஏறின கோபத்தில் முதலாளி ஆளைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தார், இரண்டாயிரத்துக்கு ஒரு கட்டு குறைந்தாலும் கார்டைப் பிடுங்கிவிடுவார். அம்மா பேரில் ஒரு கார்டு போட்டுப் பாதியை அதில் எழுதலாமே என்றேன். "புதுக் கார்டா? இருக்கிற கார்டே நிக்கிறது துவாவுல நிக்குது" என்றார் அத்தா. கூலி ஏறிய பிறகு செக்கரின் கையும் நீண்டுவிட்டது. முன்பெல்லாம் நாளைக்கு ஒரு கட்டு கழிப்பவன், இப்போது நாலு கட்டு கழித்தான். அந்த நூறு பீடியையும் அம்மா சும்மா சுற்றி ஈடு கட்டினாள். ஆக, ஏறின நாலணாவில் கொஞ்சம் அவள் விரலிலிருந்தே திரும்பப் போயிற்று. கார்டு மட்டும் நூற்று நாலு என்று ஜம்பமாக நின்றது.

மே மாதம் பிறந்த அன்றே நான் ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். அம்மா அரைமனதாக பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாள். காவிரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பாலத்துக்குக் கீழே வெறும் மணல் காய்ந்துகொண்டிருந்தது. பஸ் பாலத்தில் ஊர்ந்தது. இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

தர்மத்தின் ஆபீஸ் உத்தர வீதியில் ஒரு வீட்டு முன்னறை. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வயதான ஐயங்கார். திருமண், தடித்த மூக்குக்கண்ணாடி, எப்போதும் முன்னால் விரித்து வைத்த ஒரு பெரிய புத்தகம். நல்ல மனுஷர், அதைச் சொல்லியாக வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்த வெயில்லே என்னத்துக்கம்மா வந்தே? ஜூன்லே வந்தாப் போறாதோ?"

நான் ஏப்ரல் கார்டை நீட்டினேன். நூற்று நாலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"நாலு ரூபாதானே ஐயா கூட" என்றேன்.

"நாலணான்னாலும் எனக்கு அதிகாரம் இல்லையேம்மா. எழுதி வெச்சவர் பெருமாள் திருவடி சேர்ந்து முப்பது வருஷமாச்சு. நூறுன்னு எழுதியிருக்கார். அதைத் திருத்த நான் யாரு?"

"அவரு எழுதினப்ப அரிசி என்ன வெலை வித்துச்சு? அதை யாராச்சும் திருத்தாமயா இருந்தாங்க?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க தொழில்லே கழிவுன்னு ஒண்ணு உண்டே. மத்த கார்டிலேயெல்லாம் சிவப்பு மையிலே பாத்திருக்கேன். அதைத் தள்ளிட்டு நிகரத்தைத்தான் நான் எடுத்துப்பேன். உன் தோப்பனார் கார்டிலே அப்படி ஒண்ணுமே இல்லையே. பரம சுத்தமா இருக்கே!" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியவில்லை. பாலத்தில் நடந்தே வந்தேன். தார் கொதித்தது. நான் மனசுக்குள் பெருக்கிக் கழித்துக்கொண்டே வந்தேன். தினம் நூறு கழிவை உள்ளபடி எழுதினால் தொண்ணூற்றெட்டே முக்கால் ரூபாய் சொச்சம் வரும். பொய் சொல்லவே வேண்டாம். ஈடு கட்டாமல் இருந்தால் போதும். அம்மாவுக்கும் அந்த நூறு பீடி மிச்சம். இவ்வளவு சுலபமா என்று சிரிப்புக்கூட வந்தது.

அத்தா சாயங்காலம் வந்து தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவினார்.

"பதினாறு வருஷம்" என்றார்.

"பதினாறு வருஷத்தை வெச்சு ஃபீஸ் கட்ட முடியுமாத்தா?"

அம்மா என் வாய் மேலேயே ஒன்று போட்டாள். அத்தா அவளைத் தடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் வழக்கம்போல ஈடு கட்டினார். தினமும் காலையில் நாலு கட்டு பீடி கூடையில் தனியாகப் போயிற்று. நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். படிக்கப் புத்தகத்தைப் பிரித்தால் எழுத்து ஓடவில்லை. அக்னி நட்சத்திரம் வேறு, அஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரு இடத்தில் கால் மடக்க முடியாது. வியாழக்கிழமை தெரு முனையிலிருந்து காது கொடுத்துக் கேட்டேன். அத்தாவின் பேர் முதலில் வந்தது. "சுத்தம்!" என்றார் கணக்குப்பிள்ளை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அடுத்த வியாழனும் அதே. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் பெருமையாகக் கேட்ட சத்தம், கல்லால் அடித்ததுபோல் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடித்து வந்து அத்தா பாயில் சாய்ந்திருந்தார். நான் ஒரு காகிதத்தில் கணக்கை எழுதிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"இனிமே உள்ளபடி எழுதினாலும் ஆவாது. ரெண்டு வாரம் சுத்தமாப் போயிடுச்சு. மிச்ச நாளைக்குத் தினம் நூறு கழிச்சாலும் நூத்தியொண்ணு வருது. இன்னும் கெடணும்."

"என்னா கெடணும்?"

"பீடி."

அவர் எழுந்து உட்கார்ந்தார். காகிதத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் எண் மட்டும்தான் தெரியும், ஆனால் அது போதும். கடைசியில், "என் கைக்கு அது வராது புள்ள" என்றார். வீம்புக்குச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

"என் கைக்கு வரும்" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து, "அடி பாவி, வாயை மூடுடி" என்றாள். அத்தா அவளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"கடையில நாப்பது பேரு முன்னாடி, இவனுக்குப் பீடி சுத்தத் தெரியலன்னு கத்துவான். தெருவே கேக்கும். அதைத்தான் கேக்குறியா நீ?"

இல்லை அத்தா என்று சொல்ல எனக்கு வாய்ப்பு இருந்தது. அழுதிருக்கலாம், காலைப் பிடித்திருக்கலாம், சும்மாவாவது இருந்திருக்கலாம். நான் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆமா."

அவர் காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு அம்மாவின் முறத்தை எடுத்து, தூளும் இலையும் வைத்து, என் முன்னால் நகர்த்தினார். "அப்ப சுத்து" என்றார்.

சுற்றினேன். அந்தப் பதினாலு நாளும் என்னை உட்கார வைக்க யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் விரலுக்கு எப்படி வருமோ அப்படியே சுற்றினேன். சிலது வயிறு புடைத்தது, சிலது தூளைக் கக்கியது. அத்தாவின் நல்ல பீடிகளுக்கு நடுவே கட்டுக் கட்டாக அதை வைத்து அனுப்பினோம். எவ்வளவு கெட வேண்டும் என்பதையும் நானே கணக்குப் போட்டேன். ஒரேயடியாகக் கெட்டால் கார்டே போய்விடும், குறைவாகக் கெட்டால் நூறுக்குள் வராது. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இது ஏமாற்று இல்லையா என்று கேட்பீர்கள். ஏமாற்றுதான். கூலியை ஏற்றினவருக்கு எங்கள் அரிசியைத் தெரியாது. அரிசியைக் கொடுத்தவருக்கு எங்கள் கூலியைத் தெரியாது. இரண்டு பேரும் எங்களுக்கு நல்லதுதான் நினைத்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மூன்றாவது வியாழக்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கடைக்கு எதிரே சோடாக் கடை ஓரமாகப் போய் நின்றேன். கணக்குப்பிள்ளை ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டார். சுத்தம் உள்ளவர்கள் போனார்கள். ஐம்பது, நூறு, இருநூறு கழிவுக்காரர்கள் போனார்கள். அத்தா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசிக்கு முந்தின பேராக அவரைக் கூப்பிட்டார்கள். கணக்குப்பிள்ளை கார்டைப் பார்த்து நிறுத்திவிட்டார். செக்கரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அப்புறம்தான் சொன்னார், அதுவும் வழக்கமான சத்தத்தில் இல்லை.

"கழிவு ஆயிரம்."

கொட்டகையில் எல்லாத் தலையும் திரும்பியது. பிறகு யாரோ ஒருவன் சிரித்தான். "என்னா பாய், கைக்கு என்னா ஆச்சு?" என்றான்.

"கைக்கு ஒண்ணும் இல்லேங்க. கண்ணு கொஞ்சம் மங்குது" என்றார் அத்தா.

அவர் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. ராந்தல் வெளிச்சத்தில் ஊசி கோப்பவர். அதை அவர் அந்த நிமிஷத்தில் யோசித்துச் சொன்னாரா, வீட்டிலிருந்தே தயார் பண்ணிக்கொண்டு போனாரா, எனக்குத் தெரியாது. நான் எதிர்ப்பக்கம் நிற்பதை அவர் பார்த்தார். பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வியாழன் கழிவு ஆயிரத்து நூறு. மே மாதக் கார்டு தொண்ணூற்றொன்பது ரூபாய் சில்லறையில் முடிந்தது. ஜூன் முதல் வாரத்தில் அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். பெரியவர் சிவப்பு மையை விரலால் தொட்டுப் பார்த்துக் கூட்டிக் கழித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "எல்லாம் ரூல்படி சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறும்போது எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. ஐந்தாவது ஃபாரம், ஐந்தாவது ஃபாரம் என்று அதுவேதான்.

ஜூன் மாதமே வழக்கம்போல ஈடு கட்டிக் கார்டைச் சுத்தமாக்கிவிடலாம் என்று நாங்கள் மூன்று பேருமே நினைத்திருந்தோம். அங்கேதான் தப்புப் பண்ணினோம். கண் மங்கினவனுக்கு ஜன்னலோரம் எதற்கு என்று முதலாளி கேட்டிருக்கிறார். அத்தாவைப் பின்வரிசைக்கு, தூள் சலிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். பின்வரிசைக்கு வருகிற இலை, முன்வரிசைக்காரர்கள் பொறுக்கி எடுத்ததுபோக மிச்சம். ஓட்டையும் கிழிசலுமாக இருக்கும். அந்த இலையில் எந்தக் கைக்காரன் சுற்றினாலும் கழிவு விழும். தினம் நூறு விழுந்தபோது அம்மாவால் ஈடு கட்ட முடிந்தது. இருநூறு, முந்நூறு என்று விழுந்தால் எங்கே போவது? மிச்சம் பிடிக்க நல்ல இலையே வீட்டுக்கு வரவில்லை.

கண்ணைப் பற்றிச் சொன்னது பொய் என்று அவர் போய்ச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அந்த ஆயிரம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். கேட்டால் என் பேர் வரும், ஸ்ரீரங்கத்துக்குத் தெரியும். அதனால் அவர் சொல்லவில்லை. நான் அவரிடம், போய்ச் சொல்லுங்கள் என்று சொன்னேனா? இல்லை. வாய்க்காரியான நான் அந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்கவே இல்லை. வருஷம் முழுக்க விடிந்தால் பள்ளிக்கூடம் போனேன், அடைந்தால் படித்தேன். வியாழக்கிழமை சாயங்காலத்தில் மட்டும் எங்காவது தூரமாகப் போய்விடுவேன்.

கூலி ஏறக் கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அந்த நாலணாவுக்காகக் கொடி பிடித்தவர்களை இன்றைக்கும் கும்பிடுவேன். ஆனால் எங்கள் தெருவில் அந்த நாலணா எங்கள் வீட்டுக்குள் வந்த வழியே வெளியேயும் போனது. போகும்போது அத்தாவின் ஜன்னலையும் எடுத்துக்கொண்டு போனது.

மறு வருஷம் மே மாதக் கார்டில் எண்பத்தேழு ரூபாய் இருந்தது. கூலி ஏறுவதற்கு முன்பு வாங்கியதைவிடக் குறைவு. நான் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். பெரியவருக்கு இன்னும் வயதாகியிருந்தது. கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரித்தார்.

"பேஷ்! போன வருஷம் என்ன தவிப்புத் தவிச்சே நீ! இந்தத் தடவை வரம்புக்கு நன்னா உள்ளேயே இருக்கு. இனிமே ஒரு கவலையும் இல்லே. எஸ்.எஸ்.எல்.சி.யை முடிச்சுட்டுத்தான் மறு காரியம் பார்க்கணும், என்ன?"

நான் தலையாட்டினேன். அந்த மே மாதத்தில் நாங்கள் யாரும் ஒரு பீடியைக்கூட வேண்டுமென்று கெடுக்கவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்தபோது அத்தா கூடத்தில் உட்கார்ந்து கடையிலிருந்து வந்த இலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஓட்டையில்லாத இடம் எவ்வளவு தேறும் என்று பார்த்தார்.

"என்னா சொன்னாரு பெரியவரு?" என்றார்.

"சரியா இருக்குன்னாருத்தா. கவலையே இல்லேன்னாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அத்தா, மனசாரத்தான் சொன்னார். அடுத்த இலையைத் தூக்கிப் பார்த்தார். நான் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவர் அன்று மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டிருந்தாலும் நான் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் ஒன்றும் சொல்லாமல் கத்திரிக்கோலை எடுத்து இலை வெட்ட ஆரம்பித்தேன்.